என்னாலதான்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால், தன்னைப் பற்றி ஒருத்தி உட்கார்ந்து இவ்வளவு எழுத வேண்டி வந்துவிட்டதே என்று அதற்கும் வருத்தப்படுவார். அக்கா என்றே இருக்கட்டும். நான் அப்படித்தான் கூப்பிட்டேன்.

மாத்தளைக்கு அப்பால் பலாபத்வலயில், யாழ்ப்பாணம் போகும் வீதியிலிருந்து கீழே இறங்கும் ஒரு மண் பாதையில் அவருடைய வீடு. மாத்தளைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், உத்தியோகம் கிடைத்து வடக்கிலிருந்து வந்த எனக்கு அந்த வீட்டின் முன்னறை வாடகைக்குக் கிடைத்தது. நான் பெட்டியோடு வந்து இறங்கிய பின்னேரம் ஊர் முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. அக்கா மெழுகுதிரியைக் கையால் மறைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"மன்னிச்சுக்கங்க மிஸ், என்னாலதான். நீங்க வர்றீங்கன்னு மத்தியானத்துல இருந்து திரைச்சீலை எல்லாத்தையும் அயன் பண்ணிக்கிட்டு இருந்தேன். ரொம்ப நேரம் போட்டுட்டேன் போல."

"அக்கா, றோட்டு முழுக்கக் கரண்ட் இல்லை."

"ஆமாங்க மிஸ்" என்று தலையைக் குனிந்துகொண்டார், அந்த றோட்டு முழுவதையும் தானே இருட்டாக்கிவிட்டதுபோல.

முதலில் அதைப் பகிடி என்றுதான் எடுத்துக்கொண்டேன். மழை வந்தால், அவர் துணி காயப் போட்டதால் வந்தது. எனக்கு மாத்தளை பஸ் தவறினால், அவர் தந்த பிளேன்டீ அதிகம் சுட்டதால் தவறியது. வீதியோரத்து ஸ்பைஸ் கார்டன் ஒன்றில் மிளகும் கறுவாவும் பொதி செய்வது அவருக்கு வேலை. ஒருநாள் அங்கே வந்த வெள்ளைக்காரப் பெண் விடாமல் தும்மினாளாம். தான் சாக்கை உதறியதுதான் காரணம் என்று, அவள் வான் வண்டியில் ஏறிப் போகும் வரைக்கும் கூடவே நடந்து சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது.

அது நடிப்பு இல்லை. எது நடந்தாலும் அதற்கும் தனக்கும் நடுவே ஒரு நூலைக் கண்டுபிடிக்க அவருக்கு வெகு நேரம் தேவைப்படாது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட நூல்களில் ஒன்றைக் கேட்ட பிறகு எனக்குச் சிரிப்பு வருவது குறைந்தது. அவருடைய கணவர் லொறி ஓட்டியவர். நாவுல பக்கம் மரக்கறி ஏற்றப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார். அன்று காலையில் அக்கா அவருக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்திருந்தார். உப்புக் கூடிவிட்டதாம். இருபது வருடத்துக்குப் பிறகும் அந்த வீட்டில் கருவாடு வாங்குவதில்லை.

அவரோடு இருப்பது லேசும் இல்லை. ஒருமுறை தலையிடிக்கிறது என்று சொல்லிவிட்டேன். தான் பின்பக்கத்தில் தாளித்த வாசம்தான் என்று கண் கலங்கி, இரவுச் சமையலையே நிறுத்திவிட்டார். அவரைத் தேற்றித் தேற்றி எனக்குத் தலையிடி கூடியது. பிறகு தலையிடித்தால் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவேன். கேட்டால், கச்சேரி வேலை இருக்கிறது என்பேன்.

அக்காவின் தாயார் இதற்கெல்லாம் நேர்மாறு. எல்கடுவ பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கால் நூற்றாண்டுக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஒற்றை நாடியான உடம்பு, கரகரத்த குரல். யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. லயக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், தனியே இருந்தவரை, வயது எழுபத்தெட்டாகிவிட்டது, மேட்டில் ஏறி இறங்க வேண்டாம் என்று கெஞ்சிக் கூட்டி வந்தவர் அக்காதான். நான் அவரை ஆச்சி என்று கூப்பிட்டேன். "ஆச்சியாம்ல ஆச்சி! யாழ்ப்பாணத்துப் புள்ளக்கி நான் செட்டியார் வீட்டு ஆச்சி ஆயிட்டேன்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மகளின் குணம் அவருக்கு அத்துப்படி.

"ஒலகத்துல ஒரு காரியமும் இவளக் கேக்காம நடக்காது" என்பார். "சூரியன் உதிக்கிறதுக்கும் ஒரு நாளைக்கி மன்னிப்புக் கேப்பா, பாருங்க."

ஒரு சனிக்கிழமை பின்பக்கத்துத் திண்ணைக் குந்தில் அக்கா வைத்திருந்த வாழைச்சீப்பைத் தூக்கக் குரங்கு வந்தது. அங்கே அது புதினமில்லை. மரத்தில் காயும் இல்லாமல், கூரையில் ஓடும் இல்லாமல் ஆக்குகிற கூட்டம். நான் தண்ணீர்த் தொட்டியடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். ஆச்சி விளக்குமாற்றோடு பாய்ந்து வந்ததைக் கண்டேன். "ஏய்!" என்று அவர் போட்ட சத்தத்தில் குரங்கு மட்டுமல்ல, நானும் பயந்தேன். முற்றத்தில் மழைப்பாசி. அடுத்த கணம் அவர் பக்கவாட்டில் கிடந்தார். இடது கால் வெளிப்பக்கம் திரும்பி, மற்றதைவிடக் கட்டையாகத் தெரிந்தது.

ஓடிப்போய்ப் பிடித்தேன். "கொரங்கு போயிருச்சா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"போயிட்டுது ஆச்சி."

"சீப்பு?"

"கிடக்குது."

"அப்பச் சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். அதற்குள் அக்கா வந்துவிட்டார். தாயின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "என்னாலதாம்மா, என்னாலதான். நான்தான் பழத்த வெளிய வச்சேன். நான்தான் ஒங்கள மேல இருந்து கூட்டிக்கிட்டு வந்தேன்" என்று அழத் தொடங்கினார்.

ஆச்சிக்கு வலியைவிடக் கோபம் கூடிவிட்டது. "பழம் வச்சது நீ. ஓடுனது நானு, விழுந்ததும் நானு. ஒடஞ்சது எங்காலு. அதுல ஒனக்கு என்னாடி பங்கு? போயி வண்டியக் கூப்பிடு."

இடுப்பு மூட்டுக்குக் கீழே தொடையெலும்பு உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் எலும்பு வைத்தியர் ஒரு முஸ்லிம் டொக்டர், அதிகம் பேசாதவர். உடைந்த இடத்தைப் பொருத்தி, பக்கத்தில் ஒரு தகடு வைத்து, தகட்டிலிருந்து எலும்பின் மேல்முனைப் பந்துக்குள் ஒரு பெரிய ஸ்க்ரூவை ஏற்றினார். வீட்டுக்கு அனுப்பும்போது அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"எலும்பு மெலிஞ்சு போச்சு. ஸ்க்ரூவை அது பிடிச்சுக் கொண்டு இருக்கணும். நடக்கட்டும், நடக்கத்தான் வேணும். ஆனா நோவு கூடினா, கால் திரும்பினா, உடனே கூட்டிட்டு வாங்க. கிளினிக் நாள் வரும்வரைக்கும் பாத்துக் கொண்டு இருக்க வேணாம்."

அக்கா அதைத் தீர்ப்பு வாசிக்கக் கேட்பவரைப் போலக் கேட்டுக்கொண்டு நின்றார்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆச்சி வோக்கரைத் தள்ளிக்கொண்டு கூடத்தில் நடந்தார். முதல் கிளினிக்கில் எக்ஸ்ரே பார்த்து, பரவாயில்லை என்று அனுப்பினார்கள். பிறகு ஒரு காலை, நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருக்கும்போது, "பாப்பா, தொடை சந்துல குத்துதுடி" என்று ஆச்சி சொன்னது கேட்டது. ஐம்பது தாண்டிய மகளை அவர் கூப்பிடுவது பாப்பா என்றுதான்.

அக்கா கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தார். அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். "நான்தாம்மா நேத்து படி வரைக்கும் நடக்க வச்சேன்! என்னாலதான், நானே ஒங்களக் கொன்னுருவேன் போல!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். நான் போய்க் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. "டொக்டரிட்டக் காட்டுவம் அக்கா" என்றேன். அழுகைக்குள் அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அன்று வேலைக்குப் போகவில்லை. சாப்பிடவில்லை. கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்து, தாயின் கட்டிலருகே தரையில் சுருண்டு கிடந்தார். பின்னேரம் நான் திரும்பி வந்தபோது கண்ட காட்சி இது: கட்டிலில் கிடந்த ஆச்சி, காலை அசைக்காமல் மெல்லச் சரிந்து, கையை எட்டி, மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வலியெல்லாம் இல்ல புள்ள. சும்மா சொன்னேன். வாயுப் பிடிச்சிருக்கும். எந்திரிச்சுச் சாப்புடு."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் வலி என்ற பேச்சு வரவில்லை. அக்கா எழுந்து சாப்பிட்டார், மறுநாள் வேலைக்குப் போனார். "அம்மாவுக்கு இப்பக் குத்துறதே இல்லீங்க மிஸ். வேண்டுதல் வீண் போகல" என்று சந்தோஷமாகச் சொன்னார். அடுத்த கிளினிக் நாள் வந்தபோது ஆச்சி ஒரே பிடியாக மறுத்துவிட்டார். "நல்லா இருக்குறவளுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? அங்க போயி உக்காந்தாத்தான் இடுப்பு ஒடியும்." அவர் நடப்பது குறைந்திருந்தது. கட்டிலிலேயே இருந்து மரக்கறி வெட்டிக் கொடுத்தார், தோட்டத்துக் கதைகள் சொன்னார். அக்காவும் வற்புறுத்தவில்லை. நடந்தால் விழுவார், விழுந்தால் அது தன்னால் ஆகிவிடும் என்ற பயம் அவருக்கு. ஆச்சி படுத்திருப்பது எல்லோருக்கும் வசதியாகத்தான் இருந்தது.

அந்தக் குத்து தொடங்கி ஏழு மாதம் கழித்து ஒரு காலையில் அவரால் கட்டிலிலிருந்து காலை ஊன்ற முடியவில்லை. ஊன்றப் பார்த்தவர் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. வலியில் அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நாங்கள் மூன்று பேரும் அதே டொக்டருக்கு முன்னால் போய் நின்றோம்.

அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பேனா முனையால் காட்டினார். பந்துக்குள் இருக்க வேண்டிய ஸ்க்ரூ பந்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, அது பொருந்தும் குழியையும் அரைத்திருந்தது. எனக்கே தெரிந்தது.

"இது நேத்து நடந்த விஷயம் இல்ல" என்றார். "ஒவ்வொரு அடிக்கும் நொந்திருக்கணும். எப்ப இருந்து நோவு?"

"என்னாலதான் டொக்டர்" என்றார் அக்கா.

"நான் யாரால எண்டு கேக்கல்ல. எப்ப இருந்து எண்டு கேட்டன்."

அக்கா வாயைத் திறந்து மூடினார். "என்னாலதான்... நான்தான் வந்து..." என்று மறுபடி தொடங்கி அழத் தொடங்கினார்.

டொக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அம்மா, ஸ்க்ரூவைப் போட்டது நான். எனக்கும்தான் கவலை. நானும் உங்களோட இருந்து அழுதா இவங்களுக்கு யார் ஒப்பரேஷன் செய்யிறது?" பிறகு ஆச்சியின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. எப்ப இருந்து?"

ஆச்சி மகளை ஒரு பார்வை பார்த்தார். "நேத்துல இருந்துதான் தொரை" என்றார்.

அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். செய்ய வேண்டியதை டொக்டர் விளக்கினார். தகட்டையும் ஸ்க்ரூக்களையும் கழற்றிவிட்டு, பந்தும் குழியும் சேர்ந்த முழுச் செயற்கை மூட்டைப் பொருத்த வேண்டும். முதல் சத்திரசிகிச்சையைவிட இது கடினமானது. பழைய தழும்புக்குள்ளே வெட்ட வேண்டும், ஸ்க்ரூ இருந்த ஓட்டைகளில் எலும்பு நொறுங்கலாம், இரத்தம் கூடப் போகும், இந்த வயதில் நெஞ்சு தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். செய்யாவிட்டால் படுக்கையும் வலியும்தான் மிச்சம். இன்னொன்றும் சொன்னார். உள்ளே கிருமி பிடித்திருந்தால் ஒரேயடியாகச் செய்ய முடியாது. முதலில் இரும்பையெல்லாம் எடுத்துச் சுத்தம் பண்ணி, ஆற வைத்து, பிறகுதான் புது மூட்டு. கிருமி இருப்பது தெரியாமல் புதியதை வைத்தால் எல்லாம் வீண். "அதனாலதான் நோவு எப்படித் தொடங்கினது, காய்ச்சல் இருந்ததா எண்டு கேக்கிறன். யோசிச்சுச் சொல்லுங்க."

அக்கா வீட்டிலிருந்து உடுப்பு எடுத்துவரப் போன நேரம் ஆச்சியோடு நான் தனியாக இருந்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"ஆச்சி, உண்மையைச் சொல்லுங்கோ. எப்ப இருந்து நோகுது?"

"அன்னக்கிச் சொன்னேன்ல தொடை சந்துல குத்துதுன்னு. அது நிக்கவே இல்ல. வரவர மோசம். ராத்திரியில தலகாணிய வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டுக் கெடப்பேன்."

"ஏன் அக்காவிட்டச் சொல்லேல்ல?"

"சொன்னா என்னா ஆவுதுன்னு நீதான் பாத்தியே புள்ள" என்றார். "அவகிட்டச் சொன்னா எனக்கு ரெண்டு வலி. கால் வலியத் தாங்கிக்கிறலாம். அவ தலையில அடிச்சுக்கிறதப் பாத்துக்கிட்டு, நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு அவளத் தேத்துறதுக்கு ஒடம்புல தெம்பு வேணும்ல? எங்கிட்ட இல்ல."

தலையிடிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவள் நான். அவருக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவும் இருக்கவில்லை.

"காய்ச்சல் வந்ததோ?"

"இடையில ஒரு கெழம இருந்துச்சு. குளிசை போட்டேன், போயிருச்சு."

"இதை டொக்டரிட்டச் சொல்லத்தான் வேணும் ஆச்சி."

"அவ நிக்கிறப்ப சொல்ல மாட்டேன். செத்தாலும் சொல்ல மாட்டேன். இத்தன வருசமா இல்லாத குத்தத்துக்கெல்லாம் அழுதுகிட்டு இருக்கா. இது இருக்குற குத்தம். தெரிஞ்சா தாங்குவாளா?"

மறுநாள் காலை டொக்டர் வார்டுக்கு வரும் நேரம், ஆச்சிக்குச் சுடுநீர் வேண்டும் என்று சொல்லி அக்காவைக் கன்டீனுக்கு அனுப்பினேன். டொக்டர் வந்தார். ஆச்சி எல்லாவற்றையும் சொன்னார். எப்போது தொடங்கியது, காலையில் எப்படி, ராத்திரியில் எப்படி, காய்ச்சல் எத்தனை நாள். டொக்டர் நடுவில் பேசாமல் கேட்டுக்கொண்டு குறித்தார். முடிவில், "இவ்வளவு காலமும் ஏன் சொல்லாம இருந்தீங்க?" என்றார்.

"சொன்னா எம்மக அழுவுவா தொரை. அதுக்குப் பயந்துக்கிட்டுத்தான்."

டொக்டர் நிமிர்ந்து எனக்குப் பின்னால் பார்த்தார். நான் திரும்பினேன். சுடுநீர்ப் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அக்கா நின்றுகொண்டிருந்தார். கன்டீனில் அன்று கூட்டம் இல்லை போலும்.

இனி அழுகை வெடிக்கும், நெற்றியில் அடிப்பார் என்று, பிடித்துக்கொள்வதற்காக ஒரு எட்டு வைத்தேன். ஆச்சி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. அக்கா மெல்ல வந்து போத்தலைத் திறந்து, கோப்பையில் தண்ணீர் ஊற்றி, சூடு பார்த்து, தாயின் வாயருகே பிடித்தார். தண்ணீர் கொஞ்சம் ஆச்சியின் கழுத்தில் வழிந்தது. அதையும் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் சொல்லவில்லை.

பிறகு வெளியே நடையில் இருந்த மர வாங்கில் அவரைத் தேடிப்பிடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மிஸ், அம்மா சொன்னது மெய்தானே?" என்றார்.

நான் எப்போதும் சொல்வது தயாராக இருந்தது. உங்களால் இல்லை அக்கா, இதில் உங்களுடைய பிழை ஒன்றும் இல்லை. கரண்டுக்கும் மழைக்கும் பஸ்ஸுக்கும் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அன்றைக்கு அது வாயில் வரவில்லை. எலும்பு மெலிந்தது இவரால் இல்லை, ஸ்க்ரூ துளைத்ததும் இவரால் இல்லை. ஆனால் ஆச்சி ஏழு மாதம் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தது?

"நீங்க எப்பயும் இல்ல இல்லன்னு சொல்லுவீங்க" என்றார் அக்கா. "இன்னக்கிச் சும்மா இருக்கீங்க."

"எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்ல அக்கா."

"சொல்லாதீங்க மிஸ். சொல்லாதது நல்லது." வார்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "எனக்கு அழுகையா வருது. ஆனா அழுதா அதுவும் அவங்களுக்குத்தானே கேக்கும்?"

இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். மூட்டுக்குள் ஊசி விட்டு நீர் எடுத்தார்கள். முடிவு வரும்வரை ஒவ்வொரு நாளும் ஒரு கனம். கிருமி இல்லை என்று வந்தது. அந்தக் காய்ச்சல் வேறெதாவது சாதாரணக் காய்ச்சலாக இருக்கலாம் என்றார் டொக்டர். ஒரே தடவையில் செய்யலாம். ஆச்சியிடம்தான் கேட்டார், செய்வோமா என்று.

"ஒடம்பு தாங்காம நான் போயிட்டேன்னா?"

"அதுக்கும் இடம் இருக்கு அம்மா. மறைக்க மாட்டன்."

"படுத்தே கெடந்தா?"

"நோவு குறையாது."

ஆச்சி மகளைப் பார்த்தார். "நீ என்னா சொல்ற பாப்பா?"

அக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்தார். "ஒங்களுக்கு எவ்வளவு வலிக்குதுன்னு சொல்லுங்கம்மா. அதக் கேட்டுட்டுச் சொல்றேன்."

ஆச்சி சற்று யோசித்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். முதலில் தயங்கித் தயங்கி, ஒவ்வொரு வசனத்துக்கும் மகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்து. புரண்டு படுக்கும்போது உள்ளே ஆணி வைத்துத் திருகுவது போல, மலசலகூடத்துக்குப் போகும்போது, இருமும்போது. அக்கா அசையவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் வந்ததும் முகத்தைத் திருப்பித் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி தாயைப் பார்த்தார். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

"செஞ்சுக்குவோம்மா" என்றார் கடைசியில்.

சத்திரசிகிச்சை நினைத்ததைவிட நீண்டது. ஸ்க்ரூ இருந்த ஓட்டையில் எலும்பு பிளந்து, கம்பி சுற்றிக் கட்ட வேண்டி வந்ததாம். இரத்தம் ஏற்றினார்கள். அக்கா நடையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். அவ்வழியே போன தாதி ஒருத்தியின் கால் தட்டுப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். வாங்கில் இடம் பிடித்துக்கொண்டோம் என்று பக்கத்தில் இருந்த சிங்களக் கிழவரிடம் மன்னிப்புக் கேட்டார். அவருடைய குணம் எங்கேயும் போய்விடவில்லை. தாயின் கட்டிலைச் சுற்றி மட்டும் அவர் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தார். அதற்குள்ளே அதைக் கொண்டுபோகவில்லை.

ஆச்சி கண் விழித்தபோது நாங்கள் இருவரும் பக்கத்தில் இருந்தோம். கால்களுக்கு நடுவே தலையணை வைத்திருந்தார்கள்.

"எங்கம்மா வலிக்குது?" என்றார் அக்கா.

"எங்க வலிக்கலன்னு கேளு" என்றார் ஆச்சி.

அன்றிலிருந்து தொடங்கியது. இத்தனை மாதமாக அடக்கி வைத்ததையெல்லாம் வட்டியோடு கொட்டினார். வெட்டின இடம் எரிகிறது, முதுகு நோகிறது, நடக்கப் பழக்க வருகிற பிள்ளை எருமை மாதிரி இழுக்கிறாள், உயரக் கதிரையில் உட்கார்ந்தால் துரைச்சாணி மாதிரி இருக்கிறது. வார்டே சிரித்தது. அக்கா ஒவ்வொன்றையும் கேட்பார். "குத்துதா, எரியுதா? நேத்தவிடக் கூடவா?" கேட்டு முடித்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, குளியலறைக்குப் போவார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருக்கும்.

ஆச்சியின் கால் கொஞ்சம் கட்டையாகத்தான் போனது. ஆனாலும் பழைய குத்து போய்விட்டது. வோக்கரோடு வாசல் வரை வந்து, வீதியில் போகிற பஸ்களைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அளவுக்குத் தேறினார். அந்த வருட முடிவில் எனக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. தான் என்னைச் சரியாகக் கவனிக்காததால்தான் மாற்றிவிட்டார்கள் என்று அக்கா நினைத்தார். பஸ் புறப்படும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடம் கழித்து அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். "அம்மா போயிட்டாங்க மிஸ்." நெஞ்சில் சளி கட்டி, ஒரு மாதம் படுக்கையில் இருந்து போயிருக்கிறார். நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

முற்றத்தில் தகரப் பந்தல். தோட்டத்திலிருந்து ஒரு லொறி நிறையச் சனம் வந்திருந்தது. பெண்கள் பெட்டியைச் சுற்றி ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, அக்கா தலைமாட்டில் வறண்ட கண்ணோடு உட்கார்ந்து தாயின் நெற்றியில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தார். கரண்டு போனதற்கு அழுதவர் பெற்ற தாய்க்கு அழவில்லை என்று எனக்குப் பக்கத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள்.

என்னைக் கண்டதும் அக்கா நகர்ந்து இடம் விட்டார்.

"கடைசி மாசம் எல்லாத்தையும் சொன்னாங்க மிஸ்" என்று மெதுவான குரலில் சொன்னார். "மூச்சு எப்புடி முட்டுது, எங்க அடைக்குது, பயமா இருக்குன்னு, எல்லாம். பயமா இருக்குன்னு அவங்க சொல்லி நான் கேட்டதே இல்ல. கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தேன்." விசிறி நின்று மறுபடி அசைந்தது. "அந்த ஏழு மாசந்தான் மிஸ் எனக்குத் தெரியாது. அது மட்டும் எனக்குத் தெரியாமயே போச்சு."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். உங்களால் இல்லை என்று அப்போதும் சொல்லவில்லை.

பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிட, ஊர்வலம் மண் பாதையில் ஏறி வீதிக்குப் போனது. அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தப்பு மேளச் சத்தம் தேய்ந்து தேய்ந்து, பஸ்களின் இரைச்சலில் கலந்துபோனது.

"வளைவு தாண்டிட்டாங்களா மிஸ்? இங்கருந்து எனக்குத் தெரியல."

நான் படலைக்கு வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "ஓம் அக்கா. போயிட்டினம்."

"இனி அம்மாவுக்குக் கேக்காதுல்ல?"

"கேக்காது அக்கா."

அதற்குப் பிறகுதான் அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, வாய் விட்டு அழத் தொடங்கினார்.